செக் டேம் எதைச் சோதிக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் ஒரு கட்டு கேரள எல்லையோர ஊர்களிலிருந்து வந்திருக்கிறது. வேலந்தாவளத்தில் தொடங்கிக் களியக்காவிளை வரை ஆளுக்கொன்று கேட்டிருந்தாலும், எல்லாம் சுற்றிச் சுற்றி ‘செக்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லில் வந்து நிற்கின்றன. அதனால் அவற்றுக்கு ஒரே இதழில் பதில்.

செக் என்றால் சரிபார்ப்பது என்றுதான் படித்தோம். அப்படியானால் செக் டேம் எதைச் சரிபார்க்கிறது? தோப்பு மோட்டாரில் மாட்டியிருக்கும் செக் வால்வு எதைச் சோதிக்கிறது? கடையில் கேட்டால் “பேரே அதுதாங்க” என்கிறார்கள். (வாசகர், கோபாலபுரம்)

இரண்டும் எதையும் சோதிப்பதில்லை. தடுக்கின்றன, அவ்வளவுதான். ‘செக்’ என்ற சொல்லுக்கு ‘நிறுத்து, தடு’ என்பது மூத்த பொருள். ‘சரிபார்’ அதற்குப் பின்னால் பிறந்த பிள்ளை. நமக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை மட்டும் அறிமுகம் செய்துவைத்ததால் வந்த குழப்பம் இது. செக் டேமுக்குத் ‘தடுப்பணை’ என்று பெயர் வைத்தவருக்குச் சொல்லின் உள்ளே இருப்பது தெரிந்திருக்கிறது. ‘சோதனை அணை’ என்று எழுதியிருந்தால் எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்திருக்கும்!

ஓடையில் ஓடும் தண்ணீரை முழுதாகத் தேக்குவது தடுப்பணையின் வேலை இல்லை. ஓட்டத்தின் வேகத்தை அடக்கி, மண்ணைப் படியவைத்து, நீரைப் பூமிக்குள் இறங்கவைப்பது. சரிவான ஓடையில் வரிசையாகக் கட்டும்போது, கீழே இருக்கும் அணையின் உச்சியும் மேலே இருக்கும் அணையின் அடியும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி இடைவெளி விடுவார்கள். இடைவெளி அதற்கு மேல் போனால் நடுவில் தண்ணீர் மறுபடி வேகம் பிடித்து ஓடைப் படுகையை அரிக்கும். தண்ணீர் வழிந்து விழும் இடத்தில் கல் பரப்பாமல் விட்டாலும் இதே கதி: அடியில் பள்ளம் பறித்து, அணை ஒரு மழைக்காலத்தில் முன்பக்கமாகச் சாய்ந்துவிடும்.

செக் வால்வைத்தான் பிட்டர்கள் ‘என்.ஆர்.வி.’ (நான்-ரிட்டர்ன் வால்வு, திரும்ப விடாத வால்வு) என்கிறார்கள். உள்ளே கதவு போல ஒரு தட்டு. மோட்டார் தள்ளும் தண்ணீர் அதைத் திறக்கும். மோட்டார் நின்றதும் திரும்பி வரும் தண்ணீரே அதை மூடும். உடம்பில் ஓர் அம்புக்குறி இருக்கும். தண்ணீர் போகும் திசையில் அம்பு இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் சொட்டுத் தண்ணீர் வராது. தட்டுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு சிறு கல் சிக்கினாலும் வால்வு முழுதாக மூடாது, குழாயில் நிற்கும் தண்ணீர் மெல்ல இறங்கிவிடும். போர்வெல்லில் இருக்கும் நீர்மூழ்கி மோட்டார் என்றால் இதில் ஆபத்தும் உண்டு. இறங்கும் தண்ணீர் பம்பைப் பின்பக்கமாகச் சுற்றவைக்கும். அது சுற்றி நிற்பதற்குள் யாராவது சுவிட்சைப் போட்டால் ஷாப்ட் முறியலாம். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தண்ணீர்த் தொட்டிக் குழாயில் போடும் செக் நட்டும் இந்தக் குடும்பம்தான். கழன்றுவிடாமல் தடுப்பது அதன் வேலை. கதவு படீரென்று அறையாமல் பிடித்து மெல்லச் சாத்தும் ‘டோர் செக்’கும் அப்படியே. ரயில் பாதையில் கூர்மையான வளைவுகளில், உள்பக்கத் தண்டவாளத்தை ஒட்டி இன்னொரு இரும்பு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குச் ‘செக் ரெயில்’ என்று பெயர். வெளிப்பக்கச் சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிவிடாதபடி, உள்பக்கச் சக்கரத்தின் விளிம்பைப் பிடித்து இழுத்துவைக்கிறது.

சரி, தடுப்பதற்குச் ‘செக்’ என்று எங்கிருந்து வந்தது? சதுரங்கத்தில் ராஜாவுக்குச் சொல்லும் செக்கும் இதுவும் ஒன்றா? (வாசகி, செங்கோட்டை)

ஒன்றேதான். இன்னும் சரியாகச் சொன்னால், சதுரங்கச் செக்தான் தாய். மற்றதெல்லாம் அதன் வயிற்றில் பிறந்தவை.

நம் நாட்டில் பிறந்த சதுரங்கம் பாரசீகத்துக்குப் போய்ச் ‘சத்ரங்’ ஆனது. அரபுக்காரர்கள் வாயில் ‘ஷத்ரஞ்ச்’ ஆனது. எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது “ஷா!” என்று குரல் கொடுப்பது பாரசீக ஆட்டக்காரர்களின் வழக்கம். ஷா என்றால் அரசன். பாதுஷா என்கிறோமே, அதில் வருவதும் இந்த ஷாதான். இச்சொல்லின் வேரும் நம் ‘சத்திரியர்’ என்ற சொல்லின் வேரும் ஒன்று; இரண்டிலும் உள்ளே இருப்பது ‘ஆளுதல்’.

இந்த ‘ஷா’ அரபு வழியாக ஐரோப்பா போய், லத்தீனில் ‘ஸ்காக்கஸ்’ என்றும், பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ என்றும் திரிந்து, ஆங்கிலத்தில் முன்னெழுத்து உதிர்ந்து ‘செக்’ ஆனது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்துதான் ஆட்டத்தின் பெயரான ‘செஸ்’ஸும் வந்தது. அதாவது, ‘செஸ்’ என்ற பெயரில் நம் சதுரங்கம் இல்லவே இல்லை. பாரசீகத்து ராஜாதான் இருக்கிறார். சதுரங்கத்தின் சாயலைத் தேடினால் ஸ்பானியர்கள் சொல்லும் ‘அஹெத்ரேஸ்’ஸில் கிடைக்கும். அது ஷத்ரஞ்சின் பேரன்.

‘செக்மேட்’ என்பது ‘ஷா மாத்’. அரபியில் ‘மாத்த’ என்றால் இறந்தான் என்று பொருள் வருவதால், ‘ராஜா செத்தான்’ என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். ஆட்டத்தைப் பார்த்தாலே அது பொருந்தவில்லை என்று தெரியும். சதுரங்கத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை. போக்கிடம் இல்லாமல் நிற்கிறார், ஆட்டம் முடிகிறது. பாரசீகத்தில் ‘மாத்’ என்பதற்குத் ‘திகைத்து நின்றான், திக்கற்றுப் போனான்’ என்பது பொருள். அதுவே பொருத்தம். தமிழில் செக்கை ‘முற்றுகை’ என்றும் செக்மேட்டை ‘இறுதி முற்றுகை’ என்றும் எழுதுவதும் நல்ல பெயர்கள்தாம்.

இனி, ‘தடு’ என்ற பொருளுக்கு வருவோம். ராஜாவுக்குச் செக் விழுந்த கணத்தில் எதிராளி தன் திட்டத்தை எல்லாம் அப்படியே போட்டுவிட வேண்டும். அவருக்கு மூன்று வழிகள்தாம்: ராஜாவை நகர்த்தலாம், நடுவில் ஒரு காயை வைத்து மறைக்கலாம், தாக்கும் காயை வெட்டலாம். குதிரை கொடுத்த செக் என்றால் மறைக்கும் வழியும் அடைபடும். ஒரே நகர்த்தலில் இரண்டு காய்கள் செக் கொடுத்தால் ராஜா நகர்வதைத் தவிர வேறு கதி இல்லை. வேகமாக வந்தவனைச் சட்டென்று நிறுத்தும் இந்த நிலைமைதான் பலகையை விட்டு இறங்கி, ‘திடீர்த் தடை’, ‘அடக்கி வை’ என்று பொதுப்பேச்சில் கலந்தது. “அவனுக்குச் செக் வெச்சுட்டாங்க” என்று டீக்கடையில் சொல்லும்போது நாம் அந்தப் பழைய பொருளில்தான் நிற்கிறோம். (பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு: போட்டி விதிப்படி ‘செக்’ என்று வாய்விட்டுச் சொல்வது கட்டாயமில்லை. எதிராளி சொல்லவில்லை, அதனால் கவனிக்கவில்லை என்ற வாதம் நடுவரிடம் எடுபடாது.)

‘சரிபார்’ என்ற பொருள் வந்தது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். தவறோ திருட்டோ நடந்துவிடாமல் தடுக்க வேண்டுமானால், ஒன்றை நிறுத்திவைத்து இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும். தடுப்பதற்காகப் பார்ப்பது, நாளடைவில் பார்ப்பதற்கே பெயராகிவிட்டது.

வாளையாரில் வணிகவரி செக்போஸ்ட் எடுத்து வருடங்கள் ஆகின்றன. இன்னும் பஸ்ஸில் “செக்போஸ்ட் ஒண்ணு” என்றுதான் டிக்கெட் கேட்கிறோம். இது சரியான ஆங்கிலமா? சோதனைச்சாவடி சரியான தமிழா? (வாசகர், வாளையார்)

ஆங்கிலேயர் ‘செக்பாயிண்ட்’ என்பார்கள். ‘செக்போஸ்ட்’ நம் துணைக்கண்டத்தில் புழங்கும் ஆங்கிலம். இங்கே வாழும் சொல், அதனால் தவறு என்று ஒதுக்க வேண்டியதில்லை.

சோதனைச்சாவடி பிசகில்லாத தமிழ். சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி நிற்கும் இடம். சுவாரஸ்யம் என்னவென்றால், நம் தென்னாட்டு ‘சாவடி’யே ஆங்கிலத்துக்குப் போய்ச் ‘சௌல்ட்ரி’ ஆகிச் சத்திரங்களின் பெயர்ப்பலகையில் ஏறித் திரும்பி வந்திருக்கிறது. ஆக, சோதனைச்சாவடியின் முன்பாதியில் செக்கின் புதுப் பொருளும், பின்பாதியில் ‘நில்’ என்ற பழைய பொருளும் அமைந்திருக்கின்றன. திட்டமிட்டு வைத்திருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபின் வணிகவரிச் சாவடிகள்தாம் போயின, சோதனை போகவில்லை. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (இணையத்தில் எடுக்கும் சரக்கு வழிச்சீட்டு) வேண்டும். சாதாரணச் சரக்கு வண்டிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அது செல்லும். வழியில் வண்டி பழுதாகிச் சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால், பில்லில் வண்டி எண்ணையும் மாற்ற வேண்டும். பறக்கும் படையிடம் மாட்டிக்கொள்ள இந்த ஒரு மறதி போதும்.

மலையாளத்துக்காரர்கள் ‘வண்டிச்செக்’ என்கிறார்களே, லாரி வாடகைக்குக் கொடுக்கும் செக்கா? வங்கிச் செக்கை மட்டும் ஆங்கிலத்தில் ஏன் வேறு எழுத்துக் கூட்டி எழுதுகிறார்கள்? அப்படி ஒரு செக் கையில் இருந்தால் எந்த ஊர்க் கோர்ட்டுக்குப் போக வேண்டும்? (வாசகர், களியக்காவிளை)

லாரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கணக்கில் பணம் இல்லாமல் கொடுத்த செக்கைத்தான் அவர்கள் ‘வண்டிச்செக்’ என்பார்கள். உங்கள் மூன்றாவது கேள்வியைப் பார்த்தால் உங்களுக்கும் அது தெரிந்திருக்கும் போலிருக்கிறது!

எழுத்துக்கூட்டின் பின்னால் ஒரு மேசை இருக்கிறது. இங்கிலாந்து மன்னரின் வரிக் கணக்கு தீர்க்கும் அலுவலகத்துக்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர். சதுரங்கப் பலகை என்று பொருள். அங்கே பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 12ஆம் நூற்றாண்டில் அந்த மேசையை அளந்தே எழுதிவைத்திருக்கிறார். சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம், காசு உருண்டு விழாமல் இருக்க ஓரத்தில் 4 விரல் உயர வரம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே ஓர் அடி அல்லது ஒரு சாண். ஒரு கட்டம் பென்னிக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அதற்கடுத்தது பவுண்டுக்கு, அப்புறம் இருபதுகள், நூறுகள், ஆயிரங்கள். வரி கட்ட வேண்டிய தொகைக்கு வில்லைகளை ஒரு வரிசையில் வைப்பார்கள். கட்டிய தொகைக்கு அதன் கீழே இன்னொரு வரிசை. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற கணக்கைத் தாளில் போட்டால் தலை சுற்றும் (நம் 12 பைக்கு ஓர் அணா, 16 அணாவுக்கு ஒரு ரூபாய் மட்டும் என்னவாம்). கட்டத்தில் வைத்தால் எழுதப் படிக்கத் தெரியாத வரி அதிகாரிக்கும் பாக்கி எவ்வளவு என்று கண்ணுக்கே தெரியும். மேசையில் பொருளாளரும் வரி அதிகாரியும் மோதுவது சதுரங்கத்தில் இரு ராஜாக்கள் மோதுவது போல என்று ஃபிட்ஸ்நீலே சொல்கிறார்.

பணம் கட்டியதற்கு ரசீது, ஒரு குச்சி. தொகைக்கு ஏற்ப அதில் வெட்டுவார்கள்: ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம், நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒன்றுக்கு ஒரு வாற்கோதுமை மணி. பிறகு நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பாதி. பின்னாளில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். இந்தப் பழைய குச்சிகளைக் கழிக்கப் போய்த்தான் 1834 அக்டோபர் 16 அன்று லண்டன் பாராளுமன்றக் கட்டடமே எரிந்தது.

1700களின் தொடக்கத்தில், கள்ளத்தனத்தைத் தடுக்கக் கருவூலச் சீட்டில் வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குச் ‘செக்’ என்று பெயர் இருந்தது. அடிக்கட்டையின் பெயர் பிறகு சீட்டுக்கே ஒட்டிக்கொண்டது. எக்ஸ்செக்கரின் சாயலில் பிரிட்டிஷார் அதற்குக் கடைசியில் ‘க்யூ-யூ-இ’ போட்டு எழுதத் தொடங்கினார்கள். அமெரிக்கர்கள் பழைய எழுத்திலேயே நின்றுவிட்டார்கள். உச்சரிப்பில் வேறுபாடு இல்லை. நம் சட்டமும் வங்கிகளும் பிரிட்டிஷ் எழுத்தைத்தான் பின்பற்றுகின்றன.

இனி கோர்ட். செக் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட்டிருக்க வேண்டும் (2012 ஏப்ரலுக்கு முன் 6 மாதம் இருந்தது, இன்றும் அதே நினைப்பில் பெட்டியில் பூட்டிவைத்திருப்பவர்கள் உண்டு). திரும்பி வந்தால் வங்கி தரும் ரிட்டர்ன் மெமோவைப் பத்திரப்படுத்துங்கள். தகவல் கிடைத்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்குப் பணம் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் அவர் கையில் சேர்ந்ததிலிருந்து 15 நாள் அவருக்கு அவகாசம். அதற்குள் தராவிட்டால், அந்த 15 நாள் முடிந்த ஒரு மாதத்துக்குள் புகார் போட வேண்டும். சட்டம் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 138. தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். கை மாற்றாகவோ சரக்குக்காகவோ உண்மையில் பாக்கி இருக்க வேண்டும். அன்பளிப்பாகக் கொடுத்த செக்குக்கு இந்தப் பிரிவு இல்லை.

எந்த ஊர் என்பதில்தான் எல்லைக்காரர்களுக்கு நிம்மதி. 2014இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி செக் கொடுத்தவரின் வங்கி இருக்கும் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. 2015இல் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். இப்போது உங்கள் கணக்கில் போட்டு வசூலுக்கு அனுப்பியிருந்தால், உங்கள் கணக்கு இருக்கும் கிளை எந்த நீதிமன்ற எல்லைக்குள் வருகிறதோ அங்கேயே புகார் செய்யலாம். செக் திருவனந்தபுரத்து வங்கியுடையதாக இருந்தாலும், உங்கள் கணக்கு கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தால் இங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கைலியில் போடும் செக், கட்டம் என்பதற்கு எப்படிப் பெயரானது? நல்ல செக் துணியைப் பார்த்து வாங்குவது எப்படி? (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

சதுரங்கப் பலகையின் கட்டங்களிலிருந்துதான். பெயரின் கதை அத்தோடு முடிந்தது. துணியில்தான் பேச நிறைய இருக்கிறது.

பாவில் (நெடுக்கே ஓடும் நூலில்) மட்டும் நிறம் மாற்றினால் அது கோடு. பாவில் எந்த வரிசையில் நிறம் ஓடுகிறதோ அதே வரிசையில் ஊடையிலும் (குறுக்கே ஓடும் நூலிலும்) நாடா மாற்றி ஓட்டினால்தான் கட்டம். இரண்டும் ஒரே பருமன் நூலாக இருந்தால், அங்குலத்துக்கு 60 இழை பாவு என்றால் ஊடையும் 60 அடிக்க வேண்டும். ஊடையைக் குறைத்து அடித்தால் நூல் மிச்சம், ஆனால் கட்டம் நீளவாக்கில் இழுபடும். கடையில் இதைக் கண்டுபிடிக்க அளவுகோல் வேண்டாம். துணியின் ஒரு முனையைப் பிடித்து மூலைக்கு மூலையாக முக்கோணமாக மடித்துப் பாருங்கள். சதுரக் கட்டம் சரியாக விழுந்திருந்தால், மேல்மடிப்புக் கோடும் கீழ்மடிப்புக் கோடும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும்.

அடுத்து, துணியைத் திருப்புங்கள். நூலுக்குச் சாயம் போட்டு நெய்தது என்றால் இரண்டு பக்கமும் ஒரே நிறம். பின்பக்கம் வெளிறியிருந்தால் அது அச்சடித்த கட்டம். சில சலவைக்குப் பிறகு முன்பக்கமும் அதே கதிக்கு வரும். ஈரக் கைக்குட்டையால் அடர்நிறக் கட்டத்தை ஒரு தேய்ப்புத் தேய்த்தால் சாயம் நிற்குமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

‘கீப் இன் செக்’ என்பதை ‘சரிபார்த்து வை’ என்று மொழிபெயர்த்து மார்க் போய்விட்டது. அமெரிக்காவில் ஓட்டலில் ‘செக்’ கேட்கிறார்களாமே? (கல்லூரி மாணவி, மீனாட்சிபுரம்)

‘அடக்கி வை’, ‘கட்டுக்குள் வை’ என்று எழுதியிருக்க வேண்டும். ‘செக்ஸ் அண்ட் பேலன்சஸ்’ என்று அரசியல் பாடத்தில் வந்தாலும் அங்கே சரிபார்ப்பு இல்லை. ஓர் அமைப்பை மற்றோர் அமைப்பு மிஞ்சவிடாமல் பிடிக்கும் தடைதான். ஒரு சுலபமான வழி: வாக்கியத்தில் செக் பெயர்ச்சொல்லாக வந்தால் முதலில் ‘தடை’ பொருந்துகிறதா என்று பாருங்கள், வினைச்சொல்லாக வந்தால் ‘சரிபார்’ என்பதிலிருந்து தொடங்குங்கள். எல்லா இடத்திலும் கைகொடுக்காது.

ஓட்டல் செக் நம் பில்தான். படிவத்தில் ‘செக்’ என்று அமெரிக்கர் சொன்னால் ‘டிக்’ போடச் சொல்கிறார்கள்.

பாலக்காட்டுச் சம்பந்தி வீட்டில் மாப்பிள்ளையைச் ‘செக்கன்’ என்கிறார்கள். ஏதாவது செக் வைத்திருக்கிறார்களா? நம் செக்கு, செக்கர் வானம் எல்லாம் இந்தக் கணக்கில் சேருமா? (வாசகர், வேலந்தாவளம்)

பயப்படாதீர்கள். அது ‘செறுக்கன்’ என்பதன் சுருக்கம். நம் ‘சிறுவன்’ வழியில் வரும் சொல். பையன், மாப்பிள்ளைப் பையன் என்று பொருள். எண்ணெய் ஆட்டும் செக்கு நம் சொந்தச் சொல். செக்கர் வானத்தில் இருப்பது செம்மை.